மிச்சம் நிக்கிற நடிகன்

— அதெல்லாம் செல்லாதுபா! விஜயதேவன நா எடுத்தா எடுத்ததுதான். நீ வாய தொறக்கறதுக்கு முன்னாடி நா பேர சொல்லிட்டேன்.

— அரே கன்னியப்பா, எவன் மொதல்ல கத்தறான்றதா ரூலு? டர்ன் யாருதுன்னு பாக்க வேணாமா? போன வாரம் நீ ஆரம்பிச்ச. இந்த வாரம் இந்த வாஹித் பாஷாவோட டர்ன். கிறிஸ்து, நீ சொல்லு. நீதான அம்பயரு?

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. நடிகன எடுக்கறது அப்புறம். மொதல்ல ரூல சரி பண்ணிடலாம். மொதலாளி சாயபுங்க தொழுகை முடிஞ்சி வர்றதுக்குள்ள பண்ணணும்.

— இன்னாடா தம்பி, எடுக்கப்போறதே இல்லாத படம். காசு இல்ல, கேமரா இல்ல. சும்மா நம்ம மூணு பேரும் சோத்து டப்பாவ தொறந்து வச்சிகினு, எந்த நடிகன் உன் படத்துக்கு, எந்த நடிகன் என் படத்துக்குன்னு பிரிச்சிகினு இருக்கறோம். அதுக்கு இன்னா இவ்ளோ அவசரம்?

— அவசரம்தாண்ணா. சொல்லுங்க. மொதல்ல யார் எடுக்கறது?

— டாஸ் போடு. ஜெயிச்சவன் மொதல்ல எடுக்கட்டும். ஆனா ரெண்டாவது ரவுண்டுல தோத்தவன் மொதல்ல எடுக்கணும். இல்லன்னா நல்ல நடிகனெல்லாம் ஒரே படத்துக்கு போயிடுவான். இன்னொருத்தன் படத்துல தலப்பாகட்டிக்கினு தண்ணி குடம் தூக்கறவன்தான் மிஞ்சுவான்.

— பாய் சொல்றது சரி. அத எழுதிக்கலாம். அடுத்தது?

— அடுத்தது ஜோடி ரூலு. விஜயதேவன எடுத்தா ஓமப்பொடி நடராஜனும் கூட வரணும். அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தாத்தான் தியேட்டர்ல விசில் பறக்கும். தனித்தனியா பிரிச்சா படம் படுத்துடும். நா ரொம்ப நாளா சொல்றேன்.

— யோவ் பாய், அது எந்த ஊரு நியாயம்? ஒரு தடவ கை நீட்டினா ஒரு ஆளுதான். ஒருத்தன எடுத்துட்டு இன்னொருத்தன இலவசமா இழுத்துகினு போவியா? நா ஒத்துக்க மாட்டேன். இந்த ரூலு வந்தா நா இன்னிலேந்து ஆட்டத்துக்கே வரல.

— சரி, சரி, அது கெடக்கட்டும். இன்னொண்ணு. எல்லா நடிகரையும் எடுத்தப்புறம், கடைசில ஒருத்தர் மிச்சம் நின்னா? ரெண்டு பேருக்கும் சமமா பிரிச்சா ஒருத்தர் எப்பவும் மிஞ்சறாரு. அவர என்ன பண்றது?

— வூட்டுக்கு அனுப்பு. இது ஒரு கேள்வியா? போன வாரமே சொன்னேனே.

— அப்படியே வூட்டுக்கா?

— பின்ன? எவனும் எடுக்காதவன் எதுக்கு? மிச்சம் நிக்கிறவன் யாரா இருப்பான்? மூச்சு வாங்கற கெழட்டு நடிகன். ஃபைட்டுக்கு டூப் கேப்பான், ரெண்டு படி ஏறினா நாற்காலி கேப்பான். அவனுக்கெல்லாம் பாவம் பாத்தா படம் ஓடுமா?

— அப்படி சொல்லாதீங்கண்ணா.

— ஏண்டா, உங்க மாமனா அவன்? இன்னாடா இது, நெத்தியெல்லாம் வேர்க்குது? பாய், இவன பாரு. ஆபீஸ்ல ஃபேன் கீழ ஒக்காந்துகினு இருக்கறவன், சுண்ணாம்பு குழில எறங்கி வந்தவன் மாதிரி வேர்க்கறான். கல்யாண பயமா? இன்னும் ஒரு மாசம் இருக்குதுடா.

— கிறிஸ்து, என்ன விஷயம்? காலைலேந்து பாக்கறேன். ரெண்டு தடவ நா தோல் தரம் பிரிக்கற செலக்‌ஷன் மேஜைக்கிட்ட வந்து நின்ன. அப்படியே திரும்பி போய்ட்ட. பேஜார் பண்ணாம சொல்லிடு.

— பாய், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.

— காச கீச தொட்டியா?

— ஐயோ, இல்லண்ணா. அண்ணன் தம்பி பெரிய சாயபுவும் சின்ன சாயபுவும் தோல் ஷாப்ப பிரிச்சிக்கறாங்க இல்ல, பதம் பண்ற டிரம்மு, குழி, லாரி எல்லாம் வக்கீல் வச்சி பிரிச்சாச்சு. ஆளுங்கள பிரிக்கத்தான் வழி தெரியல. ஒரு வாரமா ஆபீஸ்ல ஒரே சண்ட. அவன் எனக்கு, இவன் எனக்குன்னு. நேத்து சாயங்காலம் சின்ன சாயபு டீ கிளாஸ தூக்கி அடிச்சிட்டாரு. சும்மா அவங்கள சிரிக்க வைக்கலாம்னு…

— சிரிக்க வைக்கலாம்னு?

— நம்ம ஆட்டத்த சொன்னேன்.

— எந்த ஆட்டத்த?

— இந்த ஆட்டத்ததாண்ணா. எங்க ஆளுங்க சாப்பாட்டு நேரத்துல இப்படித்தான் நடிகருங்கள பிரிச்சிக்குவாங்க, மாத்தி மாத்தி ஒவ்வொருத்தரா எடுப்பாங்க, சண்டையே வராதுன்னு சொன்னேன்.

— யா அல்லா!

— சிரிச்சாங்க பாய். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்புறம் பெரிய சாயபு சிரிக்கறத நிறுத்திட்டு, அது நல்லா இருக்குதே, நம்ம ஆளுங்களையும் அப்படியே எடுத்துக்கலாமேன்னாரு. சின்னவரும் சரின்னுட்டாரு.

— எப்போ?

— இன்னிக்கு. தொழுதுட்டு வந்து ஒக்காருவாங்க. நாளைக்கு வெள்ளிக்கிழம லீவு. சனிக்கிழமைலேந்து ரெண்டு ஷாப்பு.

— இரு இரு. மிச்சம் நிக்கிறவன்? அதுக்கு இன்னா சொன்ன?

— அவங்க கேட்டாங்கண்ணா. உங்க ஆட்டத்துல மிச்சம் நிக்கிற நடிகன என்ன பண்ணுவீங்கன்னு.

— நீ இன்னா சொன்ன?

— போன வாரம் நீங்க சொன்னத சொன்னேன்.

— இன்னாடா சொன்ன? வாய தொறந்து சொல்லுடா!

— வூட்டுக்கு அனுப்பிடுவோம்னு சொல்லிட்டேன்.

— கன்னியப்பா, கைய எடு. அவன் சட்டைய விடு. விடுன்றேன் இல்ல! எல்லாரும் பாக்கறாங்க.

— இவன் நம்மள கூத்தாடிங்க மாதிரி பிரிச்சி குடுத்துட்டு வந்திருக்கான், நீ அவனுக்கு பரிஞ்சிகினு பேசறியா? படிச்சவன்னு மரியாத குடுத்தனே! அம்பயருன்னு ஒக்கார வச்சனே!

— அடிங்கண்ணா. அடிச்சிட்டு அப்புறம் யோசிங்க. நான் இங்க ஓடி வந்ததே அதுக்குத்தான். அவங்க ஒக்காரும்போது ரூல நான்தான் சொல்லணும். நல்ல ரூலா ஒண்ணு சொன்னா மாத்தலாம். நான் தனியா ராத்திரி பூரா யோசிச்சேன், ஒண்ணும் வரல. அதனாலதான் நடிகன், டர்ன்னு சுத்தி வளச்சி கேட்டேன். நெசத்த சொன்னா நீங்க கோவத்துல பேச மாட்டீங்கன்னு பயம்.

— உனக்கு இன்னாடா பயம்? உன்ன யாரு வூட்டுக்கு அனுப்பறாங்க?

— பெரிய சாயபு என்ன எடுத்துக்கறேன்னு போன வாரமே சொல்லிட்டாரு. எனக்காக பயம் இல்லண்ணா.

— ஆமா. உன் கல்யாணமும் நடக்கும், ஆம்பூர் மாமனார் வூட்ல கணக்குப்பிள்ள மாப்பிளன்னு பொட்டி பொட்டியா பலகாரமும் வரும். நாங்கதான் வரிசைல நிக்கணும், எந்த சாயபு எங்க பக்கம் வெரல் நீட்டுவாருன்னு.

— கன்னியப்பா, புலம்பாத. நேரம் கம்மி. கணக்கா பேசு. யார யாரு எடுப்பாங்க?

— உனக்கு இன்னா பாய், நீ ஹீரோ. நனஞ்ச தோல இப்படி ஒரு தடவ தடவினா, இது ஏற்றுமதி, இது உள்ளூரு, இது குப்பைன்னு சொல்லிடுவ. டாஸ் ஜெயிக்கறவன் மொதல்ல உன்னத்தான் எடுப்பான். கோதண்டராமன் சின்ன வயசு, டிரம்முக்கு. மரியம்மா ஓரம் வெட்டற டிரிம்மிங்கு. அப்புறம்…

— அப்புறம்?

— சொல்லு பாய். உனக்கு தெரியாதா? டிரம்மு கதவு முதுவுல வுழுந்ததுலேந்து நா ஈரத் தோலு தூக்கறதில்ல. கை பாரு, வெடிச்சி போய் கெடக்குது. கெமிக்கல் பட்டா ராத்திரில தூக்கம் இல்ல. சாயபுங்களோட வாப்பா இருந்தாரு, பாவம் கன்னியப்பன், பழைய ஆளுன்னு வச்சிகினு இருந்தாரு. அவரு மவுத்தா போய் நாப்பது நாள் கூட ஆவல. இனிமே எவன் வச்சிக்குவான்? மிச்சம் நிக்கிறவன் நாந்தான். எனக்கு தெரியாதா?

— அண்ணா…

— என் வாயாலயே சொன்னேன் இல்ல? மூச்சு வாங்கறவன வூட்டுக்கு அனுப்புன்னு. எனக்கு பயமா இருக்குதுடா தம்பி. எம்பொண்ணு கோமளாவுக்கு டீச்சர் ட்ரெய்னிங் இன்னும் ஒரு வருசம் பாக்கி. சொந்த ஊரு திமிரில போய் யார் நெலத்துல நா கள புடுங்கறது, இந்த முதுவ வச்சிகினு?

— தண்ணி குடி. குடி மொதல்ல. கிறிஸ்து, மிச்சம் நிக்கிறவன் ரெண்டு படத்துலயும் கெஸ்ட் ரோல் பண்ணட்டும்னு சொன்னா? இங்க பாதி நாள், அங்க பாதி நாள். சம்பளம் ஆளுக்கு பாதி.

— அதையும் யோசிச்சேன் பாய். அவங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்கவே இஷ்டம் இல்லாம பிரியறாங்க. ஒரே ஆள ரெண்டு பேரும் வச்சிக்கிட்டா, இங்க நடக்கறத அங்க சொல்லுவான்னு சந்தேகம் வரும். ஒத்துக்க மாட்டாங்க.

— சீட்டு குலுக்கி போட்டா?

— சீட்டுல பாய் பேரு மிச்சம் நின்னா ரெண்டு சாயபுவும் ஒத்துக்குவாங்களா? உடனே ரூல மாத்துவாங்க.

— அப்ப ஒண்ணுதான் இருக்குது. ஜோடி ரூலு.

— பாய்?

— விஜயதேவனும் ஓமப்பொடியும். வாஹித் பாஷாவ எடுத்தா கன்னியப்பனும் கூட வரணும். பிரிக்கக் கூடாது. இவன் டிரம்முல இறக்கின பதம் சரியில்லன்னா என் செலக்‌ஷன் மேஜைல ஒண்ணும் நிக்காது. இத்தன வருசமா அப்படித்தான ஓடுது? அத சொல்லு. வாஹித் பாஷா தனியா வரமாட்டேன்னு சொல்லிட்டான்னு சொல்லு.

— வேணாம்.

— என்ன வேணாம்?

— நா உன் கூட இலவசமா வர்ற சாமானா? ஒரு கிலோ வாங்கினா கொசுறு குடுப்பானே, அதுவா நானு? சாயபு தெனம் என் மூஞ்ச பாக்கும்போது நெனப்பாரு, இவன் பாய் தலைல கட்டின ஆளுன்னு. எனக்கு ரோஷம் இல்லியா?

— இருக்கு. நிறைய இருக்கு. அத எடுத்துட்டு போய் கோமளாவுக்கு ஃபீஸ் கட்டுவியா?

— பாய்!

— கத்தாத. பதினஞ்சு வருசமா என் பக்கத்துல ஒக்காந்து சாப்பிடற. ரம்ஜானுக்கு என் வூட்ல நீ சாப்பிடாம எம்பொண்டாட்டி சைரா எனக்கு பிரியாணி போட்டதில்ல. இன்னிக்கு ஒரு நாள் நா சொல்றத கேளு தோஸ்த். நாளைக்கு என்ன திட்டிக்கோ.

— பாய், நீங்க வரமாட்டேன்னு சொன்னதுக்கு அவங்க கோவிச்சிக்கிட்டா?

— கோவிச்சிக்கட்டும். ராணிப்பேட்டைல நாலு ஷாப்புக்காரன் என்ன கூப்பிட்டுக்கினு இருக்கான். எனக்கு பயம் இல்ல. ஆனா சொல்லப்போறது நீ. உனக்கு தைரியம் இருக்குதா? அதான் எனக்கு கவல.

— எனக்கு பயமாத்தான் இருக்கு பாய். பெரிய சாயபுகிட்ட மாச கணக்கு சொல்லும்போதே தடுமாறுவேன்.

— இவனா சொல்லப்போறான்? பூன வந்தா மேஜ மேல ஏறி நிக்கிற பையன் பாய் இவன். உள்ள போயி, சரிங்க சாயபு, ஆமாங்க சாயபுன்னு தலைய ஆட்டிட்டு வருவான்.

— அதோ, ஜீப் வந்துடுச்சு.

— போ கிறிஸ்து. நெஞ்ச நிமித்திக்கினு போ.

— அண்ணா, போய்ட்டு வரட்டுமா?

— என்ன ஏண்டா கேக்கற? போ. போய்த் தொல. டேய்… தம்பி, பாத்து பேசு.

— சரிண்ணா.

— போய்ட்டான். பாய், இவன நம்பலாமா?

— வேற யார நம்பறது?

— நா கோவத்துல சட்டைய புடிச்சிட்டேன். பொத்தான் தெறிச்சிடுச்சி. சின்னப் பையன். பாவம்.

— அத அப்புறம் தச்சி குடு. இப்ப சும்மா ஒக்காரு.

— பாய், ஒருவேள டாஸ்ல சின்னவரு ஜெயிச்சா? சின்னவருக்கு என்ன கண்டாலே ஆவாது. போன பொங்கலுக்கு லீவு கேட்டதுக்கு மொறச்சாரு.

— யார் ஜெயிச்சாலும் நீ என் கூடத்தான்.

— ஒத்துக்கலன்னா?

— கன்னியப்பா, நூறு தடவ கேட்டுட்ட.

— ஆபீஸ் கதவு சாத்திட்டாங்க பாரு. எதுக்கு சாத்தறாங்க? உள்ள சத்தம் கேக்குது. பெரிய சாயபு குரலு. அவன திட்டறாரு பாய். கேக்குதா? எவண்டா உனக்கு இந்த ரூல சொல்லி குடுத்ததுன்றாரு.

— கேக்குது.

— இன்னும் கத்தறாரு. பாய், நா போய் சொல்லிடறேன். எனக்கு வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், அந்தப் பையன விட்டுடுங்கன்னு சொல்லிட்டு வந்துடறேன்.

— ஒக்காரு! நடுவுல போனா எல்லாம் கெட்டுப் போயிடும். வேல சங்கு ஊதிட்டான் பாரு. போ, வேலைய பாரு.

— எந்த சாயபு வேலன்னே தெரியல, எந்த டிரம்ம போய் நா சுத்தறது? எல்லாரும் குழிக்கிட்ட சும்மாத்தான் நிக்கறாங்க. எல்லாருக்கும் விஷயம் தெரிஞ்சிடுச்சி போல. மரியம்மா சிலுவ போட்டுகினு நிக்குது.

— சத்தம் நின்னுடுச்சு.

— அதுதான் பாய் இன்னும் பயமா இருக்குது.

— கதவு தொறக்கறாங்க. வர்றான்.

— மூஞ்சி இன்னா சொல்லுது? உன் கண்ணுக்கு தெரியுதா? எனக்கு ஒண்ணும் தெரியல.

— பொறு. வரட்டும்.

— இன்னாடா ஆச்சு? சொல்லுடா தம்பி. நிக்காத, சொல்லு.

— டாஸ் பெரிய சாயபு ஜெயிச்சாரு. மொத ஆளே வாஹித் பாய்தான்.

— அல்ஹம்துலில்லாஹ். இவன்?

— கன்னியப்பண்ணாவும். கூடவே. பெரிய சாயபு பக்கம்.

— டேய்!

— ஆமாண்ணா.

— நெசமாவா? உங்க ஏசு மேல ஆணையா சொல்லு.

— நெசமாண்ணா. சனிக்கிழம வழக்கம் போல வரணும். அதே டிரம்மு.

— பாய்! கேட்டியா? என் தங்கம்டா நீ! வா, இப்படி வா. சட்டைய புடிச்சனே, பாவி நானு. இந்தக் கைய ஒடச்சி போடணும். பாய், பூன பையன்னு சொன்னனே, புலிபா இது! இன்னிக்கு டீ, மசால் வட எல்லாம் என் கணக்கு. இனிமே நீ சொல்றதுதான் ரூலு. ஜோடி ரூலும் சரி, விஜயதேவனும் பாய்க்கே. எடுத்துக்கோ பாய்!

— இரு கன்னியப்பா. கிறிஸ்து, பெரிய சாயபு எப்படி ஒத்துக்கிட்டாரு?

— ஒத்துக்கிட்டாரு பாய்.

— அவர எனக்கு தெரியும். ஒரு துண்டுத் தோலுகூட சும்மா விடமாட்டாரு. அவ்ளோ சத்தம் கேட்டுதே?

— அவரு பக்கம் ஒரு சம்பளம் ஜாஸ்தி ஆவுதுன்னு கத்தினாரு. அப்புறம் ஜோடியா எடுத்துக்கறேன், ஆனா என் பக்கத்துலேந்து ஒரு பேர நீ கழிச்சிடுன்னாரு.

— யார கழிச்சாரு?

— அவரு சொல்லல பாய். ரூலு சொன்னவன் நீதான, நீயே கழின்னுட்டாரு.

— அடப்பாவி. எனக்காக யாரடா வூட்டுக்கு அனுப்பின? கோதண்டராமனையா? அவனுக்கு மூணும் பொட்ட புள்ளைங்கடா. மரியம்மாவா? அதுக்கு புருசன் இல்ல. அங்க நின்னு சிலுவ போட்டுகினு இருக்குது, அது மூஞ்சில நா எப்படிடா முழிப்பேன்? சொல்லுடா, யார் பேர சொன்ன?

— எல்லார் பேரையும் ஒவ்வொண்ணா நெனச்சிப் பாத்தேண்ணா. சொல்றதுக்கு என் பேருதான் வாய்ல வந்துச்சு.